பச்சைத் தண்ணிக்குப் பெரிய பைப், சுடுதண்ணிக்குச் சின்ன பைப்

மட்டக்களப்புப் பக்கம் சுடுதண்ணி லைன் இழுக்கிற வீடுகள் கூடிக்கொண்டு வருகின்றன. மாரியில் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில்தான் நம்மில் அநேகம் பேருக்கு அது தேவை. வயதானவர்களோ பிள்ளை பெற்ற தாயோ இருக்கிற வீட்டுக்கு வருசம் முழுக்க வேண்டும். ஆரையம்பதியில் அக்காவின் வீட்டில் அம்மா இருக்கிறார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு, தாய் மகளோடு. அம்மாவுக்கு மூட்டு வலி கூடியதால் சோலர் ஹீட்டர் வைப்பதென்று முடிவானது. அதோடு வீட்டின் பழைய தண்ணீர் லைனையும் முழுவதாகக் கழற்றிப் புதிதாகப் போட்டோம். இரண்டு குளியலறை, ஒரு குசினி, வெளியே உடுப்புக் கழுவும் கல், முற்றத்தில் ஒரு டெப். பெரிய வேலை இல்லை. ஆனால் எந்த இடத்துக்கு எந்த அளவு பைப் என்ற கேள்வியைத் துருவப் போனால் அதற்குள் நிறைய விசயம் இருக்கிறது.

பழைய லைன் அரை அங்குல ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. வீட்டில் இருந்து கடல் நடந்துபோகிற தூரம்தான், உப்புக்காற்று வெளிப்பக்கத்தைத் தின்றிருந்தது. உள்ளே நிலைமை அதைவிட மோசம். ஒரு துண்டை ஹெக்சோ பிளேட்டால் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது துருவும், கிணற்றுத் தண்ணீரின் வெள்ளைப் படையும் சேர்ந்து, வழி பென்சில் பருமனுக்குச் சுருங்கியிருந்தது. அந்த வெள்ளைப் படை எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படிகிறதுதான். சூடான இடத்தில் அது கூடுதலாகப் படியும். ஆகவே சுடுதண்ணி லைனுக்கு ஜி.ஐ. என்ற பேச்சுக்கே இடமில்லை.

பைப் வாங்க முதல் செய்யவேண்டியது உயரம் அளப்பது. நம் வீடுகளில் தண்ணீரைத் தள்ளுவது பம்ப் இல்லை, கூரைக்கு மேலே நிற்கிற தாங்கியின் உயரம்தான். ஒரு மீற்றர் உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார். மாடி இல்லாத வீட்டில் இது மிகச் சிறிய தொகை. எங்கள் வீட்டின் கொங்கிறீற் தட்டு நிலத்திலிருந்து 3.2 மீற்றர். சோலர் ஹீட்டரின் உருளை அந்தத் தட்டுக்கு மேல் 1.3 மீற்றர் வரை போகிறது. பச்சைத் தண்ணீர்த் தாங்கியின் அடி அதற்கும் மேலே இருந்தால்தான் ஹீட்டர் எப்போதும் நிரம்பி நிற்கும். எனவே மூன்றடி உயரத்தில் இருந்த ஸ்டாண்டை எடுத்துவிட்டு 1.6 மீற்றர் உயரத்தில் புது ஸ்டாண்ட் கட்டினோம். ஆயிரம் லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன் பாரம். கால்கள் சுவரின் மேலும் பீமின் மேலும் நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். இப்போது தாங்கியின் அடி 4.8 மீற்றரில், ஷவரின் வாய் 2 மீற்றரில். வித்தியாசம் 2.8 மீற்றர். அதாவது 0.28 பார்.

இந்த 2.8 மீற்றர்தான் எங்கள் முழுக் கைமுதல். பைப்பின் உராய்வு, திருப்பத்தில் வைக்கிற எல்போ, வால்வ், சுடுதண்ணியையும் பச்சைத் தண்ணியையும் கலக்கிற மிக்சர் டெப் எல்லாம் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஷவரின் வாயில் ஒரு மீற்றராவது மிஞ்சினால்தான் குளிக்கிற மாதிரித் தண்ணீர் விழும். நகரத்துக் கடைகளில் அழகாக மின்னுகிற ஒற்றைக் கைபிடி மிக்சர்கள் பலவற்றின் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார் அல்லது 1 பார் என்று போட்டிருக்கும். ஒரு தட்டு வீட்டில் அதை மாட்டினால் சொட்டும், அவ்வளவுதான். வாங்க முதல் பெட்டியின் பக்கத்தைப் படியுங்கள். நாங்கள் இரண்டு கைபிடி உள்ள, உள்வழி அகலமான சாதாரண மிக்சரைத்தான் எடுத்தோம். உடுப்புக் கழுவும் மெஷினும் இதே கதைதான். பல மெஷின்கள் 0.05 மெகாபஸ்கால் கேட்கும். அது ஐந்து மீற்றர் உயரத் தண்ணீர். தாங்கி அவ்வளவு உயரத்தில் இல்லாத வீட்டில் மெஷின் நிரம்ப நேரம் எடுப்பதற்கு மெஷினைக் குறைசொல்லிப் பயனில்லை.

சரி, பைப்புக்கு வருவோம். காத்தான்குடியில் ஒரு ஹாட்வெயாரில் ஒவ்வொரு இனத்திலும் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, கலிப்பர் வைத்து உள்வாயை அளந்தேன். யாரும் ஒருதரம் இதைச் செய்துபார்க்க வேண்டும், ஏனென்றால் பைப்பின் பெயரில் இருக்கிற எண் தண்ணீர் போகிற வழியின் எண் அல்ல. நம்முடைய பி.வி.சி.யில் 20, 25, 32 என்பதெல்லாம் வெளி விட்டம். 20 என்பதைத்தான் அரை அங்குலம் என்கிறோம், 25 முக்கால், 32 ஒரு அங்குலம். நான் அளந்த பி.வி.சி. துண்டுகளில் 20இன் உள்வாய் 17 மில்லிமீற்றர் அளவில் இருந்தது, 25இல் 21.5, 32இல் 28. சுடுதண்ணிக்குப் போடுகிற பச்சை நிற பி.பி.ஆர். பிளாஸ்டிக் பைப்பும் அதே 20, 25, 32 என்ற பெயரில்தான் வருகிறது. ஆனால் அதன் சுவர் தடிப்பு. பி.என். 20 என்ற அழுத்தத் தரத்தில் 20 பைப்பின் சுவர் 3.4 மில்லிமீற்றர், ஆகவே உள்வாய் 13.2 மட்டும். 25இல் 16.6. 32இல் 21.2. அதாவது பி.பி.ஆர். 25 வாங்குகிறவர் கையில் இருப்பது கிட்டத்தட்ட பி.வி.சி. 20இன் வழி. பி.பி.ஆர். 32 வாங்குகிறவர் கையில் பி.வி.சி. 25இன் வழி. சுடுதண்ணிக்குப் போடுகிற இன்னொரு பிளாஸ்டிக் பைப்பான சி.பி.வி.சி.யும் அப்படியே: அரை அங்குலத்தில் உள்வாய் 12.4, முக்காலில் 18.2.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் உராய்வு உள்வாயோடு நேராகக் கூடிக் குறைவதில்லை. ஒரே அளவு தண்ணீர் போகும்போது உள்வாய் பாதியானால் உராய்வு ஏறத்தாழ முப்பது மடங்காகிறது. 16.6 இலிருந்து 13.2க்கு இறங்கினாலே மூன்று மடங்கு. நிமிடத்துக்கு 6 லீற்றர் போகிற இடத்தில் பி.பி.ஆர். 20 ஒவ்வொரு மீற்றருக்கும் ஐந்தரை சென்ரிமீற்றர் உயரத்தைத் தின்னும். 25 இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு. 32 அரை சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 12 லீற்றர் ஆனால் 20இல் மீற்றருக்கு இருபது சென்ரிமீற்றர். இவை பைப்பின் உராய்வைக் கணக்கிடுகிற ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் போட்டு எடுத்த கணக்கு. ஒவ்வொரு எல்போவுக்கும் அரை மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான பைப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால் போதும். வீட்டு வேலைக்கு அதைவிட நுணுக்கம் தேவையில்லை.

இதைப் பார்த்தவுடன் தோன்றுவது, சுடுதண்ணி லைனுக்கு ஒரு அளவு கூட்டிப் போட வேண்டும் என்பதுதான். எங்களுக்கு லைன் போட்டுத் தந்த மாமாவும் அதையே சொன்னார். அவர் முப்பது வருசத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறவர், கல்லடியில் இருந்து களுவாஞ்சிக்குடி வரை அவர் கை படாத தெரு குறைவு.

"மனே, பி.பி.ஆருக்கு உள்வழி குறைவு. சுடுதண்ணிக்கு முப்பத்திரண்டு போடுவம். அப்பதான் ரெண்டு பக்கமும் சமனா வரும்."

"மாமா, ரெண்டு பக்கமும் சமனா வரத் தேவையில்லத்தானே? நம்மட தண்ணி எவ்வளவு சூடு எண்டு பாருங்க."

அந்த இடத்தில்தான் நான் நின்று கணக்குப் போட்டேன். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

அம்மாவுக்குக் குளிக்கத் தேவையான சூடு 40 பாகை செல்சியஸ் அளவு. சோலர் ஹீட்டரில் இருந்து வருவது சாதாரண நாளில் 60 பாகை என்று வைப்போம். நம் தாங்கியின் பச்சைத் தண்ணீர் 28 பாகை. 28ஐ 40 ஆக்க 12 பாகை ஏற்ற வேண்டும்; சுடுதண்ணிக்கும் பச்சைத் தண்ணிக்கும் உள்ள வித்தியாசம் 32 பாகை. 12ஐ 32ஆல் பிரித்தால் முப்பத்தேழரை வீதம். ஆக, ஷவரில் நிமிடத்துக்கு 6 லீற்றர் விழுந்தால் அதில் சுடுதண்ணி இரண்டேகால் லீற்றர்தான். மிச்சம் மூன்றே முக்கால் லீற்றரும் பச்சைத் தண்ணி. நல்ல வெயில் நாளில் ஹீட்டர் 75 பாகைக்குப் போனால் சுடுதண்ணியின் பங்கு கால்வாசி அளவுக்கு இறங்கிவிடும். இதே கணக்கை நுவரெலியாவில் போட்டுப் பாருங்கள். அங்கே தண்ணீர் 15 பாகை என்று வைத்தால் சுடுதண்ணியின் பங்கு பாதிக்கு மேலே போகும். குளிர்நாட்டில் எழுதிய பைப் அட்டவணைகளில் சுடுதண்ணி லைனும் பச்சைத் தண்ணி லைனும் ஒரே அளவில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களுக்கு அது பொருந்தும். கடலோரத்தில், வெப்பம் நிற்கிற இந்த ஊருக்கு அது பொருந்தாது. இங்கே வேலை செய்கிற பைப் பச்சைத் தண்ணி பைப்தான். சுடுதண்ணி அதற்குத் துணை.

மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "அப்ப வாளிக்கு நிரப்பேக்க என்ன செய்யிற?"

நல்ல கேள்வி. அம்மா ஷவரில் குளிக்கிறவர் அல்ல. வாளியில் கலந்து, கோப்பையால் அள்ளி ஊற்றித்தான் பழக்கம். வாளிக்குச் சுடுதண்ணி டெப்பை முழுவதாகத் திறந்தால் அங்கே கலப்புக் கணக்கு இல்லை, முழுவதும் சுடுதண்ணிதான். ஆனால் வாளி டெப் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றரில் இருக்கிறது. ஷவருக்கு 2.8 மீற்றர் என்றால் இந்த டெப்புக்கு 4.2 மீற்றர் உயரம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 12 லீற்றர் எடுத்தாலும், நாங்கள் போட இருந்த லைனில் இரண்டு மீற்றர் சொச்சம்தான் உராய்வுக்குப் போகும். மிச்சம் போதும். மாமாவுக்கு அது சரியாகப்பட்டது.

ஆகவே சுடுதண்ணிக்கு இப்படி வைத்தோம். ஹீட்டரில் இருந்து இரண்டு குளியலறைக்கும் பிரிகிற டீ மூட்டு வரை நான்கு மீற்றர் பி.பி.ஆர். 25. அங்கிருந்து அம்மாவின் குளியலறைக்கு ஐந்து மீற்றர் பி.பி.ஆர். 20. மற்றக் குளியலறைக்கும் 20. குசினிக்குச் சுடுதண்ணி இழுக்கவில்லை; அக்கா வேண்டாம் என்றார், குசினி ஹீட்டரில் இருந்து தூரமும்.

சின்ன பைப்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு. டெப்பைத் திறந்ததும் முதலில் வருவது பைப்புக்குள் ஆறிப்போய் நிற்கிற தண்ணீர். அது வெளியே போனால்தான் சூடு வரும். பி.பி.ஆர். 32இல் ஒரு மீற்றருக்குள் 0.35 லீற்றர் நிற்கும், 25இல் 0.22, 20இல் 0.14. எங்கள் ஒன்பது மீற்றருக்கு, நாங்கள் போட்ட மாதிரியில், ஒன்றரை லீற்றர் அளவு. எல்லாவற்றையும் 32இல் போட்டிருந்தால் மூன்று லீற்றருக்கு மேல். நிமிடத்துக்கு 6 லீற்றர் விழுகிற இடத்தில் அது பதினைந்து விநாடிக்கும் அரை நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம். பைப்பின் சுவரும் சூடாக வேண்டும் என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடும். விடியற்காலையில் ஈரத் தரையில் நின்று காத்திருக்கிற வயதானவருக்கு அந்த அரை நிமிடம் நீளமானது. ஒவ்வொரு தடவையும் வீணாகப் போவதும், ஒவ்வொரு தடவை மூடிய பிறகு பைப்புக்குள் ஆறிப்போவதும் சூரியன் சூடாக்கித் தந்த தண்ணீர்தான். ஹீட்டரைக் குளியலறைக்கு மேலேயே வைக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். வீட்டுக்கு முன்னால் அழகாக இருக்கும் என்று வாசல் பக்கத் தட்டில் வைத்துவிட்டுப் பின்பக்கக் குளியலறைக்கு இருபது மீற்றர் இழுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய பைப் போட்டு அதைத் திருத்த முடியாது.

இப்போது பச்சைத் தண்ணிக்கு வருவோம். இதில் தாராளமாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஷவர், குசினி டெப், கொமட் சிஸ்டன், உடுப்புக் கழுவும் கல்லின் டெப் நான்கும் திறந்திருந்தால் தாங்கியிலிருந்து இறங்குகிற லைனில் நிமிடத்துக்கு 24 லீற்றர் போகும். காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில், இது தினமும் நடப்பது. எங்கள் பிரதான லைன் பன்னிரண்டு மீற்றர். எல்போவும் வால்வும் சேர்த்தால் பதினெட்டு மீற்றருக்குச் சமம். பி.வி.சி. 25 போட்டால் அந்த நேரத்தில் 1.2 மீற்றர் உயரம் உராய்வில் போய்விடும். 32 போட்டால் 33 சென்ரிமீற்றர்தான். இருப்பதே 2.8 மீற்றர் என்னும்போது இந்த வித்தியாசம் சின்னதல்ல. பிரதான லைன் 32, ஒவ்வொரு குளியலறைக்கும் குசினிக்கும் பிரிகிற கிளை 25, சுவருக்குள் டெப்புக்கு ஏறுகிற கடைசித் துண்டு மட்டும் 20. தாங்கியின் வாயில் இருக்கிற கேட் வால்வும் ஒரு அங்குலமே. பல வீடுகளில் தாங்கிக்கு அரை அங்குல வால்வைப் போட்டு, அதன் கீழே முக்கால் பைப் ஓடும். இருக்கிற உயரத்தில் பெரும்பங்கு அந்த வாயிலேயே போய்விடும்.

பச்சைத் தண்ணி லைன் ஒடுக்கமாக இருந்தால் தண்ணீர் மெதுவாக வரும் என்பது மட்டும் இல்லை. அது ஆபத்தும்கூட. ஷவருக்குக் கீழே ஒருவர் நிற்கும்போது யாராவது கொமட்டை அமத்தினால் சிஸ்டன் பச்சைத் தண்ணியை இழுக்கும். ஒடுக்கமான பைப்பில் ஷவருக்குப் போகிற பச்சைத் தண்ணி உடனே குறையும். சுடுதண்ணி குறையாது. அந்தக் கணத்தில் தலையில் விழுவது 40 பாகை இல்லை, 50, 55. அறுபது பாகைத் தண்ணீர் ஐந்து விநாடியில் ஆழமான தீக்காயம் உண்டாக்கும். வயதானவர்களின் தோல் மெல்லியது, விலகிப்போகிற வேகமும் குறைவு. ஆகவே அம்மாவின் குளியலறைக்கு உள்ள பச்சைத் தண்ணிக் கிளையைப் பிரதான லைனின் முதல் டீயிலிருந்தே எடுத்தோம். அந்தக் கிளையில் கொமட் இல்லை. அதே குளியலறையின் கொமட்டுக்கும் வேறு கிளை. ஒரு நீளம் பைப்பும் ஒரு டீயும்தான் கூடுதல் செலவு. வாளிக் குளிப்புக்கு அக்காவிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருப்பது: முதலில் பச்சைத் தண்ணி, அதன் மேல் சுடுதண்ணி. ஒருபோதும் மறுவளம் அல்ல.

இதோடு சேர்ந்த இன்னொரு விசயம், சபைத் தண்ணீர், அதாவது நீர்வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீர். மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது. அழுத்தம் நல்லாக இருக்கிற நேரத்தில் அதை நேரே குளியலறைக்கு எடுத்து, சுடுதண்ணியை மட்டும் கூரையில் இருந்து எடுக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யக் கூடாது. சபை லைனின் அழுத்தம் கூரைத் தாங்கியைவிடப் பல மடங்கு கூட இருக்கலாம். மிக்சர் திறந்திருக்கும்போது பச்சைத் தண்ணி சுடுதண்ணி லைனுக்குள் ஏறி, ஹீட்டரைப் பின்பக்கமாக நிரப்பி, ஹீட்டரின் மேலே திறந்திருக்கிற காற்றுக் குழாய் வழியாகக் கூரையில் ஊற்றும். இரண்டும் ஒரே தாங்கியில் இருந்து, ஒரே உயரத்தில் இருந்து வர வேண்டும். சபைத் தண்ணீர் அந்தத் தாங்கியை நிரப்பட்டும். குசினியில் குடிக்க ஒரு டெப்பை மட்டும் நேரே எடுத்தோம், அது மிக்சரோடு சேராது.

காற்றைப் பற்றி மாமாவிடம் நான் கற்றுக்கொண்டேன். சுடுதண்ணி லைன் ஹீட்டரில் இருந்து டெப் வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். கதவு நிலைக்கு மேலால் ஏறி மறுபக்கம் இறங்கினால், அந்த மேட்டில் காற்று சிக்கும். சூடான தண்ணீரில் இருந்து காற்று கூடுதலாகப் பிரியும். பம்ப் உள்ள வீட்டில் அழுத்தம் அதைத் தள்ளிவிடும், 0.28 பாரால் தள்ள முடியாது. டெப் திறந்திருக்கும், தண்ணீர் வராது. அந்த நேரம் பைப் சின்னது என்று நினைத்துப் பெரியதாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குறை அளவில் இல்லை, வளைவில். மாமா எங்கள் வீட்டில் கதவைச் சுற்றிப் போகாமல், சுவரில் துளையிட்டு நேரே இறக்கினார். ஹீட்டரின் காற்றுக் குழாயையும் பச்சைத் தண்ணீர்த் தாங்கியின் மேல்மட்டத்தைவிட உயரமாகக் கொண்டுபோய்க் கட்டினார்.

பி.பி.ஆர். ஒட்டுவதிலும் அளவு கெட்டுப்போகலாம். ஒட்டும் மெஷின் 260 பாகையில் இருக்க வேண்டும். 20 பைப்புக்கு ஐந்து விநாடி சூடு, 25க்கு ஏழு, 32க்கு எட்டு. அதற்கு மேல் பிடித்தாலோ, பொருத்தும்போது அளவுக்கு மிஞ்சி அமத்தினாலோ, உருகிய பிளாஸ்டிக் உள்ளே திரண்டு ஒரு வளையமாக நிற்கும். 13.2 உள்வாயில் இரண்டு மில்லிமீற்றர் வளையம் வந்தால் அந்த இடத்தில் வழி 9தான். வெளியே பார்த்தால் ஒட்டு அழகாக இருக்கும். மாமாவும் நானும் முதலில் ஒரு கழிவுத் துண்டை எல்போவோடு ஒட்டி, ஆறவிட்டு, நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தோம். பைப்பில் செருகும் ஆழத்தைப் பேனாவால் அடையாளமிட்டு, அதற்கு மேல் ஒரு மில்லிமீற்றரும் போகாமல் நிறுத்தினால் வளையம் வருவதில்லை. சின்ன பைப் போடுகிறவர்கள் இதில் கவனமாக இருந்தே ஆக வேண்டும்.

கூரைக்கு மேல் வெயில் தனிப் பிரச்சினை. ஹீட்டரை ஒருவரும் பாவிக்காமல் இரண்டு மூன்று நாள் விட்டால் உள்ளே தண்ணீர் கொதிநிலைக்குக் கிட்டப் போகும். பி.பி.ஆர். தொடர்ந்து தாங்குவது 70 பாகை அளவு. ஆகவே ஹீட்டரின் வாயிலிருந்து முதல் ஒரு மீற்றருக்குச் செம்புக் குழாய் வைத்து, அதன் பிறகுதான் பி.பி.ஆர். தொடங்கினோம். சூட்டில் பி.பி.ஆர். நீளும்: பத்து மீற்றர் பைப் 40 பாகை ஏறினால் 60 மில்லிமீற்றர். சுவரில் இறுக்கிக் கட்டினால் நெளியும், ஒட்டில் இழுக்கும். கிளிப்பைத் தளர்வாக அடித்து, ஒரு திருப்பத்தில் அசைவதற்கு இடம் விட்டோம். மேலே நுரைக் கவசம், அதற்கு மேல் வெயில் தாங்கும் டேப். அதே கவசத்தைத் தட்டின் மேல் ஓடுகிற பச்சைத் தண்ணிப் பைப்புக்கும் போட்டோம். கச்சான் காற்று வீசுகிற ஆடி ஆவணியில் பகல் ஒரு மணிக்குப் பச்சைத் தண்ணி டெப்பைத் திறந்தால் முதலில் வருவது கைசுடுகிற தண்ணீர். கவசம் இருந்தால் அது குறைகிறது, வெயிலில் பி.வி.சி. வெளிறி நொறுங்குவதும் நிற்கிறது. பி.வி.சி.யைச் சுடுதண்ணிக்குப் போடுவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அது இளகும், ஒட்டு கழலும்.

சுவர் பூச முதல் லைனை நிரப்பி அளந்தோம். பத்து லீற்றர் வாளியும் போனில் இருக்கிற ஸ்டொப் வொட்ச்சும் போதும். அம்மாவின் ஷவர் தனியே ஓடும்போது வாளி ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட எடுத்தது, அதாவது நிமிடத்துக்கு 6 லீற்றருக்குக் கிட்ட. பிறகு குசினியையும் கல்லின் டெப்பையும் திறந்து, மற்றக் குளியலறையின் கொமட்டையும் அமத்திவிட்டு மறுபடி அளந்தோம். குறைவு தெரிந்தது, ஆனால் ஷவரின் கீழே கையை வைத்திருந்த அக்காவுக்குச் சூடு மாறியது தெரியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பதில்தான். மாமா வாளி டெப்பையும் திறந்துபார்த்துவிட்டு, "இருபதுதான் எண்டு ஒருத்தரும் நம்பமாட்டாங்க" என்றார்.

பூச முதல் ஒவ்வொரு சுவரையும் டேப் அளவுகோலைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து, அக்காவின் போனிலும் என்னிடமும் வைத்திருக்கிறோம். எந்த டீ எத்தனை அடி உயரத்தில், எந்த இடத்தில் 25 முடிந்து 20 தொடங்குகிறது என்று எல்லாம் அதில் தெரியும். மற்றக் குளியலறையில் மிக்சர் இன்னும் மாட்டவில்லை. இரண்டு வாயிலும் எண்ட் கெப் போட்டு மூடியிருக்கிறது, தைப்பொங்கலுக்கு முதல் மாட்ட வேண்டும்.